புரை

குழாயை எடுத்த அன்று
குரல் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.
காற்று வந்தது,
வாஷர் போன சைக்கிள் பம்ப் மாதிரி.

பதினேழு நாள்
என் தொண்டையில் வேறொன்று குடியிருந்தது.
காலி செய்து போன பிறகும்
வீடு அதன் பேரிலேயே இருக்கிறது.

தேவகோட்டை ரஸ்தா தாண்டி ஒரு தென்னந்தோப்பு,
மோட்டார் ரூமில் வெறுந்தரை.
கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது.
விடிகாலையில் இமையைத் தூக்க முடியவில்லை,
பிறகு நாக்கு, பிறகு மூச்சு.
அங்கே போய் ஏன் படுத்தேன் என்று
ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை.
காரைக்குடியில் கேட்கத் தேவையும் இல்லை.

நாற்பது பேர் சீட்டு.
பதினாலு லட்சம்.
முழுங்கி ஏப்பம் விட்டான் என்றார்கள்.
ஏப்பம் விடவில்லை, அது பொய்.

இப்போது ஒரு ஸ்பூன் தண்ணீர்.

ரஹ்மத் நிஷா, இளையான்குடிப் பெண்,
என் குரல்வளை மேல் மூன்று விரல் வைத்து
லிஃப்டுக்குக் காத்திருப்பவள் போல நிற்கிறாள்.
"ஏறணும் சார். ஏறி மூடணும். அப்புறம்தான் இறங்கணும்."
ஏறவில்லை.
"இன்னொரு வாட்டி."

சம்பை ஊற்றுத் தண்ணீர் வேண்டும் என்று
எழுதிக் காட்டினேன்.
சிகப்பி பாட்டிலில் பிடித்துவந்தாள்.
அதில் ஏதோ மாவைக் கலக்கித்
தேன் பதத்துக்குக் கொண்டுவந்தாள் அந்தப் பெண்.
பாகுக்குப் பதம் பார்க்கிற ஊர் எங்களுடையது,
தண்ணீருக்குப் பார்த்து இதுதான் முதல் தடவை.
குழைந்த இட்லி முதலில் இறங்குமாம்,
தண்ணீர்தான் கடைசி.
அதற்கு வேகம் ஜாஸ்தி,
கதவு சாத்துவதற்குள் ஓடிவிடும்.
எனக்கா தெரியாது அந்த வித்தை.

"தலையைக் குனிஞ்சு முழுங்குங்க.
தாடை நெஞ்சுல படணும்."
ஒருத்தருக்கும் குனியாத தலை என்று
சொல்லிக்கொள்ள ஆசைதான்.
குனிந்தேன்.
புரை ஏறியது.

யாரோ நினைக்கிறார்கள் என்றாள் சிகப்பி,
பழக்க தோஷத்தில்.
சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தண்டனை என்று எழுதிவிடாதே என
எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.
பக்கத்துக் கட்டிலில் கொத்தனார் சவரிமுத்து,
யாரிடமும் ஒரு பைசா எடுக்காதவர்.
அவருக்கும் இதே குழாய், இதே இருமல், இதே தேன் பதம்.
தொண்டைக்குக் கணக்கு தெரியாது.

ஆனாலும் ராத்திரி இருமும்போது
ஒவ்வொரு பேராக வருகிறது.
இது செக்காலை ரோடு ஃபேன்சி ஸ்டோர்காரர்.
இந்த நீள இருமல்,
வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிய
பால்காரர் மகள்.

மதுரைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார்கள்.
வெள்ளையாய் ஒரு மருந்துப் பால்.
ஒரு மெல்லிய கோடு வழிமாறி
மூச்சுப் பக்கம் இறங்கியதைத்
திரையில் நானே பார்த்தேன்.
நான் இருமவில்லை.
செருமக்கூட இல்லை.
"இருமினா பயமில்லை சார்.
சத்தமே இல்லாம இறங்குது பாருங்க, அதுதான்..."
என்று நிறுத்திவிட்டாள் நிஷா.

அது யார் என்று எனக்குத் தெரியும்.

கழனிவாசல் இஸ்திரி வண்டி பஞ்சவர்ணம்.
மாசம் இரண்டாயிரம், நோட்டில் கரி வாசனை.
வீட்டு முன் கூட்டம் கூடிய நாளில்
யார் யார் வந்தார்கள் என்று சிகப்பி ஒப்பித்தபோது
வராத ஒரே பேர்.

வியாழக்கிழமை வந்தாள்.
நான் ஓடுவதற்கு முதல் நாள் போட்ட துணி,
ஒரு வேட்டி, இரண்டு சட்டை,
பேப்பர் சுற்றிக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.
என் வாயில் அப்போது அரை ஸ்பூன்.
திறக்க முடியாது.
திறந்தாலும் காற்று.
தலையைக் குனிந்து முழுங்கினேன்.
"சூப்பர் சார், ஏறிடுச்சு!
இருமலே இல்லை பாருங்க" என்றாள் நிஷா.

பஞ்சவர்ணம் என் தொண்டையைக்
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு துணிக்கு முப்பத்தஞ்சு ரூபாய்
சிகப்பியிடம் எண்ணி வாங்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம்
லேசாகக் காய்ச்சல்.